நாற்பத்தேழாம் நம்பர் மூட்டை

"எலி செத்ததுக்கெல்லாம் துப்பறிய வர்றது நம்ம கம்பெனி ஒண்ணுதான் சார்," என்றாள் லூர்துமேரி என் காதோரம்.

1986, ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. திண்டிவனத்தில் ஒரு பழைய அரிசி மில்லுக்குள் நடந்துகொண்டிருந்த மூலிகை ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூண்டு அறையில் நின்றிருந்தோம். எதிரே டாக்டர் தையல்நாயகி. அவர் கையில், வாலைப் பிடித்துத் தூக்கிய ஒரு வெள்ளை எலி. அது செத்திருந்தது.

நான் அரங்கநாதன். விழுப்புரத்தில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவன். நிலையம் என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, கால் ஆடும் ரெண்டு நாற்காலி. ஆறு வருஷத்தில் நான் கையாண்ட வழக்குகளில் முக்கால்வாசி, 'மாப்பிள்ளை குடிப்பாரா?' வகை. ஒரு மாப்பிள்ளையை ரகசியமாகப் பின்தொடர்ந்து போனேன். அவரே திரும்பி வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பாத்து நல்லபடியா எழுதுங்க சார்" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். என் துப்பறியும் திறமை அந்த மட்டில் இருந்தது. லூர்துமேரி கீழே இன்ஸ்டிடியூட்டில் டைப் சொல்லிக் கொடுத்தவள். என் ரிப்போர்ட்டை டைப் அடிக்க மாடிக்கு வந்து, பிழை திருத்த ஆரம்பித்து, இப்போது வழக்குகளையே திருத்திக்கொண்டிருக்கிறாள்.

"விஷயத்தைச் சொல்லுங்க டாக்டர்," என்றேன், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி.

"நான் ஊசி போட்ற டாக்டர் இல்லீங்க, அதை முதல்லியே சொல்லிட்றேன். தினம் காலையில நாலு பேர் வாசல்ல வந்து இருமிக் காட்டிட்டுப் போறாங்க." எலியை ஒரு தட்டில் வைத்து, அதன் தலைமேல் நம்பர் எழுதினார். "புற்றுநோய்க்கு மருந்து தேட்றதுதான் என் வேலை. பதினோரு வருஷமா செடி பறிச்சி, காயவச்சி, சாறெடுத்து, எலிக்குக் குடுத்து, எலி சாவறதைப் பார்த்துக்கினு இருக்கேன். எங்கப்பா கண்டமங்கலத்துல நெல்லு வெக்கிறாரு. வருஷத்துக்கு ரெண்டு போகம் எடுக்கிறாரு. நான் பதினோரு வருஷத்துல ஒரு போகம்கூட எடுக்கல. தீபாவளிக்குப் போனா, 'என்னம்மா, மருந்து கெடச்சிச்சா?'ன்னு கேக்கிறாரு. பதினோரு தீபாவளி ஆச்சு."

அவர் சொன்னது இவ்வளவுதான். எலிக்கு ரத்தப் புற்று வரவைப்பார்கள். மருந்து கொடுக்காவிட்டால் பத்தாம் நாள் அது போய்விடும். நாற்பத்தாறு செடிகளின் சாறு கொடுத்துப் பார்த்தாயிற்று. எல்லா எலியும் பத்தாம் நாளே போனது. நாற்பத்தேழாவது, பனமலை அடிவாரத்துச் செடி ஒன்று. அதன் பெயரைக் கேட்டேன்.

"சொன்னா டீக்கடையில சொல்லிடுவீங்க. நாப்பத்தேழுன்னே எழுதிக்கோங்க. மாசி மாசம் வந்தது முதல் மூட்டை. சாறெடுத்துக் குடுத்தேன். பத்தாம் நாள் தாண்டிச்சி. பதினஞ்சு தாண்டிச்சி. இருபத்திரண்டாம் நாள் வரைக்கும் கேப்பையைக் கொறிச்சிக்கினு கூண்டுல ஓடினதுங்க. எனக்குத் தலைகால் புரியல. கூண்டு கழுவ வந்த அம்மாவுக்குக் கை குடுத்தேன். அன்னிக்கே, எங்களுக்குப் பணம் குடுக்கிற டெல்லி ஆபீசுக்கு எழுதிட்டேன். அவசரக் குடுக்கை நான்."

"அப்புறம்?"

"சித்திரையில ரெண்டாவது மூட்டை வந்துச்சி. அதே செடி, அதே இடம், பறிச்சி அனுப்பினதும் அதே விழுப்புரத்து அம்மாதான். எலி பத்தாம் நாள் செத்துச்சி. வைகாசியில மூணாவது மூட்டை. இதோ பாருங்க," என்று தட்டைக் காட்டினார். "வியாழக்கிழமை டெல்லியிலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. முதல் முடிவு எப்படி வந்ததுன்னு விளக்கணுமாம். மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா அர்த்தம் ஒண்ணுதான். நான் பொய் எழுதிட்டேன்னு நெனைக்கிறாங்க." எலித் தட்டைத் தள்ளி வைத்தார். "இடத்தை மூடினாக்கூடப் பரவால்லீங்க. பொய் சொன்னவன்னு பேரு வந்துட்டா, இனிமே நான் எந்த எலியைப் பத்தி எழுதினாலும் எவன் நம்புவான்?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு நிஜமான வழக்கு!

"மூட்டையை மாத்திட்டாங்க!" என்றேன்.

"தழையைத் திருட யாரு சார் வருவா, ஆடா?" என்றாள் லூர்துமேரி.

"மாத்தலீங்க," என்றார் டாக்டர். "மூணு மூட்டையிலயும் இலை அதே இலைதான். லென்ஸ்ல வச்சிப் பாத்துட்டேன். அதான் பேஜாரு. அப்ப வேற எது மாறிச்சின்னு எலியைக் கேட்டேன், பதில் இல்ல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

எலிக்கு அடுத்த இடத்தில் என்னை வைத்திருக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்டோர் கீப்பர் பாண்டுரங்கனை அழைத்தார்கள். ஐம்பது வயது, விபூதி, காதில் பேனா. நான் கேட்பதற்கு முன்பே அவருக்கு வியர்த்துவிட்டது. ரிஜிஸ்டரை நீட்டினார். மூன்று மூட்டைக்கும் ஒரே மாதிரி, முத்து முத்தாக எழுதியிருந்தது: 'காய்ந்த நிலையில் பெறப்பட்டது. ஈரம் இல்லை.' மூட்டைகளோடு வந்த லேபிள்களையும் ஃபைலில் கோத்து வைத்திருந்தார். மூன்றும் விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் பென்சிலால் எழுதிக் கட்டியவை.

பார்த்தேன். துள்ளிக் குதிக்காத குறை.

"டாக்டர்! ரெண்டாவது, மூணாவது லேபிள்ல எழுத்து கரி நிறம். முதல் லேபிள்ல ஊதா! ரெண்டு பென்சில், ரெண்டு ஆள்! ஒண்ணு போலி!"

பாண்டுரங்கன் கையிலிருந்து ஃபைல் நழுவிக் கீழே விழுந்தது. ஆள் இவன்தான் என்று அந்த நிமிஷமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தோம்.

விக்கிரவாண்டி தாண்டியதும் லூர்துமேரி, "சார், அந்த ஆளு தழையைத் திருடி என்ன பண்ணுவாரு?" என்றாள்.

"வெளிநாட்டுக் கம்பெனிக்கு விப்பான்."

"காதுல பேனா சொருவிக்கினா? எந்த வெளிநாடு, மரக்காணமா?"

பார்சல் ஆபீசில் கிளார்க் விருத்தாசலம் கோழிக்கூடை ஒன்றுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "இந்த ஊதா லேபிளை எழுதினது யார்?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நாந்தான்."

"அப்போ இந்தக் கரி லேபிள்?"

"அதுவும் நாந்தான்."

"ஒரே பென்சிலா?" என்றேன், பிடித்துவிட்ட தோரணையில்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பென்சிலால் மேஜை மேல் ஒரு கோடு போட்டார். கரி நிறம். விரலை நாக்கில் தொட்டுக் கோட்டின் மேல் தேய்த்தார். பளிச்சென்று ஊதா. "காப்பிங் பென்சில் சார். ஈரம் பட்டா ஊதாவாயிடும். எங்க ஆபீஸ்ல இருக்கிற அத்தினி பேருக்கும் தெரியும், அந்தக் கோழிக்குக்கூடத் தெரியும்."

"சாருக்கு இப்பத்தான் தெரியுது," என்றாள் லூர்துமேரி. "குறிச்சிக்குங்க சார்."

குறித்துக்கொண்டேன். அவமானத்தில் என் பேனாவைத் தேடிக் கிடைக்காமல், மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்தேன். அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் எனக்குத் தெரியாது.

"அப்ப முதல் மூட்டை நனைஞ்சிருக்கு," என்றேன். "அன்னிக்கு மழையா?"

"மாசியில எந்த ஊர்ல சார் மழை? அந்த மூட்டை நல்லா ஞாபகம் இருக்கு. சொட்டுச் சொட்டா ஒழுகிக்கினு வந்திச்சி. மீன் மூட்டைன்னு நெனச்சி நாலு திட்டு திட்டினேன். கொண்டாந்தது அஞ்சம்மா. மார்க்கெட்ல கீரை விக்கும். போய்க் கேளுங்க, ஜல்தியா போங்க, உச்சி நேரமானா கடையைக் கட்டிடும்."

வெளியே வந்ததும் லூர்துமேரி நின்றாள். "சார், ஒழுகின மூட்டை ரிஜிஸ்டர்ல மட்டும் எப்படிக் காஞ்சிச்சி?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்," என்றேன். யோசிக்கவில்லை. எனக்குப் பசி.

அஞ்சம்மா மார்க்கெட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எதிரே முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, எல்லாம் ஈரச்சாக்கின் மேல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. நான் குந்தி உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

"மாசி மாசம் டாக்டரம்மாவுக்கு நீங்க தழை கொண்டாந்த அன்னிக்கு, புதுசா யாராவது மூட்டைகிட்ட வந்தாங்களா?"

"யாரும் வர்லியே."

"சந்தேகப்பட்ற மாதிரி யாராவது?"

"நீ ஒருத்தன்தான் சாமி அந்த மாதிரி வந்திருக்க. கீரை வேணுமா, வோணாமா?"

'சந்தேக நபர் யாரும் இல்லை' என்று நோட்டில் எழுதினேன். அவள் சொம்பில் கையை விட்டு, கீரைக்கட்டுகள் மேல் சளீரென்று தண்ணீரைத் தெளித்தாள். பாதி கீரைக்கு, பாதி எனக்கு. நாலு சொட்டு நோட்டின் மேல் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரி எழுத்து ஊதாவாகிக் கசிந்தது.

சட்டைப்பையைத் தொட்டேன். விருத்தாசலத்தின் பென்சில்!

"மொத தடவையா உங்க எழுத்து கண்ணுக்குத் தெரியுது சார்," என்றாள் லூர்துமேரி. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றேன் மெதுவாக, "டாக்டரம்மாவுக்குக் கொண்டாந்த தழைக்கும் தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிக்காம?" அஞ்சம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பனமலையிலேர்ந்து வண்டி ஏத்தற வரைக்கும் நேரத்துக்கு நேரம் தெளிச்சேன். சாக்கையும் தண்ணியில முக்கி மூடினேன். முப்பது வருசமா கீரை விக்கிறேன். அஞ்சம்மா கீரை வாடிப்போச்சின்னு ஒருத்தி சொன்னது கெடையாது. படிச்ச பொம்பள ஆசையா கேட்ட தழைய வாட வுட்ருவனா நானு?"

"அப்ப ரெண்டாவது வாட்டி ஏன் தெளிக்கல?"

"பேனா சொருவிக்கினு ஒருத்தரு இருக்காரே, அவுரு வந்து கத்தினாரு. காயவச்சி சருகாட்டம் கொண்டான்னாரு. அவுங்களுக்கு சருகுதான் வேணும்னா நான் இன்னா பண்றது? எனக்குத்தான் வெக்கமாப் போச்சி. மூஞ்சை மூடிக்கினு போயி பார்சல் போட்டேன்."

எழுந்து நின்றேன். மூளைக்குள் மின்னல் வெட்டியது. அது எப்போதும் தப்பான இடத்தில்தான் வெட்டும், அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

"தண்ணி! மேரி, மருந்து இலையில இல்ல, இந்தத் தண்ணியில இருக்கு!" சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன். "இது ஆதாரம். சீல் வைக்கணும்."

"அது மார்க்கெட் குழாத் தண்ணி சார். இந்த ஊரே குடிக்கிது."

நான் கேட்கவில்லை. பஸ்ஸில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் கையால் மூடிப் பிடித்தபடி திண்டிவனம் வந்து சேர்ந்தேன். கூடவே அஞ்சம்மாவும் வந்தாள். "சொம்பு இல்லாம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்" என்று ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எலிக்கூண்டு அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்து, சொம்பை நீட்டினேன். டாக்டர் அதை வாங்கவே இல்லை.

"குழாத் தண்ணிக்கு எலி பிழைக்காது அரங்கநாதன்," என்றார். அவர் கண் பாண்டுரங்கன் மேல் இருந்தது. "பாண்டுரங்கன், முதல் மூட்டை ஒழுகிக்கினு ரயில் ஏறியிருக்கு. விழுப்புரத்துலேர்ந்து இங்க ஒரு மணி நேரம். காய்ஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படி?"

பாண்டுரங்கன் காதிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"மச்சினி வூட்ல காது குத்துங்க. ஒரு நாள்னுதான் போனேன். கறிச்சோறு, தாய்மாமன் சண்டை, சமாதானம், அப்புறம் அதுக்கு ஒரு கறிச்சோறு. அஞ்சு நாளாயிடுச்சி. வந்து பாத்தா மூட்டை ஸ்டேஷன்லியே கெடக்குது. அவுத்தேன், உள்ள அத்தினியும் புழுங்கி, வெள்ளை வெள்ளையா பூசணம் பூத்திருந்திச்சி. தூக்கிப் போட மனசு வர்லீங்க. இந்த ஒரு செடிக்காக நீங்க பதினஞ்சு நாளு மலையில அலைஞ்சதை நான் பாத்தவன். மொட்டை மாடில கொட்டி, நல்லா காயவச்சி, தட்டி எடுத்தாந்து வச்சேன். காய்ஞ்ச நிலைன்னு எழுதினேன். நான் வச்சப்போ அது காய்ஞ்சுதாங்க இருந்திச்சி."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டாக்டர் அவர் பக்கம் குனிந்தார்.

"பூசணம் என்ன நிறம்?"

"வெள்ளை. ஓரத்துல மட்டும் லேசா மஞ்சள்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் செத்த எலியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாப்பத்தேழுல ஒண்ணுமே இல்லீங்க! அதுவும் மத்த நாப்பத்தாறு மாதிரி வெறும் தழைதான். இலையில பூத்த பூசணம் மருந்தைச் செஞ்சிருக்கணும். நாலு மாசமா நான் பூவைப் பாத்தேன், வேரைப் பாத்தேன், இலையை லென்ஸ்ல பாத்தேன். காது குத்தைப் பாக்கல. ரெண்டாவது மூட்டையைச் சுத்தமா காயவச்சி, சுத்தமா அனுப்பி, சுத்தமா கெடுத்துட்டோம்."

"பென்சிலின்கூட பூசணந்தானே டாக்டரம்மா?" என்றாள் லூர்துமேரி.

"ஆமா. அது எட்டாங் கிளாஸ் பாடம். நான் பி.எச்.டி. படிச்சதுல மறந்துட்டேன்." சட்டென்று எழுந்தார். "அந்தப் பூசணத்துல துளி கெடச்சாப் போதும், வளர்த்துடலாம். பாண்டுரங்கன், அந்தச் சாக்கு எங்க? எரிச்சிட்டீங்களா?"

பாண்டுரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைக் காட்டினார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கால் துடைக்க நாலாக மடித்துப் போட்டிருந்த சாக்கின் நட்ட நடுவில், சேற்றுச் செருப்போடு, வழக்கின் ஒரே ஆதாரத்தின் மேல் கால் மணி நேரமாக நின்றிருக்கிறேன்.

"அசையாதீங்க சார்," என்றாள் லூர்துமேரி. "நீங்க வழக்குல இவ்ளோ கிட்ட எப்பவும் வந்ததில்ல."

டாக்டர் சாக்கைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, மேஜையில் வைத்து, தையல் மடிப்பைப் பிரித்தார். உள்ளே, செருப்பு படாத இடத்தில், நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவர் மூச்சுவிடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஆனால் வியாழக்கிழமைக்கு இரண்டே நாள். பூசணம் வளர்ந்து, சாறெடுத்து, எலிக்குக் கொடுத்துப் பார்க்க ரெண்டு மாசமாவது வேண்டும். பாண்டுரங்கன் கும்பிட்டார்.

"அம்மா, ரிஜிஸ்டர்ல இருக்கிறதையே சொல்லிடுங்கம்மா. இந்த வாட்டி செடி சரியில்லன்னு சொன்னா அவங்களுக்கு என்னா தெரியப்போவுது? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

நான் டாக்டர் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். தலைவர் நம் ஊர்க்காரர், நரைத்த மீசை, சிரிக்காத முகம். அஞ்சம்மாவும் நாங்களும் சாட்சிக்காக ஓரமாக நின்றோம். டாக்டர் தையல்நாயகி ஒன்றையும் மறைக்கவில்லை. சொம்புத் தண்ணீர், அஞ்சு நாள், பூசணம், கால்மிதி எல்லாம் சொன்னார். காது குத்து வந்த இடத்தில் மற்ற இரண்டு பேரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரின் காது சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அப்போ உங்க நாற்பத்தேழாம் நம்பர் செடி?" என்றார் தலைவர்.

"ஒண்ணுக்கும் உதவாது சார். நான் எழுதினது தப்பு. எலி இருபத்திரண்டு நாள் இருந்தது மட்டும் நெசம்."

"ரிஜிஸ்டர்ல பொய் எழுதினது யாரு?"

பாண்டுரங்கன் ஒரு அடி முன்னே வந்தார். டாக்டர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். "என் நிலையத்து ரிஜிஸ்டர் சார். வந்த மூட்டையை ஒரு தடவைகூட நானே பிரிச்சிப் பாக்கல. என் பேர்ல எழுதிக்கோங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதெல்லாம் நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. செடி சரியில்லன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்போம்."

"உங்களுக்குத் தெரியாது சார்," என்றார் டாக்டர். "எலிக்குத் தெரிஞ்சிடும்."

வாயைப் பொத்தியவர் கையை இறக்கினார். தலைவர் ஃபைலை மூடி, "மூணு மாசம் தர்றேன்" என்றார்.

அவர்கள் கார் கிளம்பியதும் டாக்டர் அஞ்சம்மாவிடம் போனார். பூசணத்தை வளர்க்க அதே தழை இன்னும் ஒரு மூட்டை வேண்டும் என்றார். அதை அழுக விட்டுக் கொண்டுவர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அழுவ வுடறதா? நானா?" அஞ்சம்மா சொம்பை இடுப்பில் வைத்தாள். "பச்சப் பசேல்னு கொண்டாந்து போட்றேன். அதுக்கப்புறம் கெடுக்கிறது உங்க ஆளு பாடு. அவுருக்குத்தான் அது நல்லா வருதே."

புரட்டாசியில் ஒரு மத்தியானம், கீழே இன்ஸ்டிடியூட்டில் எனக்குப் போன் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். லூர்துமேரியும் ஓடி வந்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். டைப் அடிக்கிற சத்தத்தை நிறுத்தச் சொன்னோம்.

"அரங்கநாதன், இன்னிக்குப் பதினோராம் நாள்," என்றார் டாக்டர்.

"எத்தனை எலி உயிரோட இருக்கு டாக்டர்?"

"பத்து எலியும் இருக்கு. ஒண்ணு என் விரலைக் கடிச்சிட்டுது. ரத்தம் வருது."

"ஐயய்யோ! வலிக்குதா?"

"வலிக்குதுங்க," என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "நல்லா வலிக்குது."